பத்தாது என்று நான் அடைத்த மடை

சபையாருக்கும், வெள்ளிக்கிழமை வாலிபர் கூடுகைக்கு வருகிறவர்களுக்கும் எஸ்தரின் ஸ்தோத்திரம். சாட்சி எழுதித் தா என்று பாஸ்டர் அம்மா தை மாதத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான்தான் தள்ளிப்போட்டேன். மற்றவர்கள் கண்ணீரோடு ஜெபித்ததை எழுதுகிறார்கள். நான் கோபத்தோடு ஜெபித்தேன். பதில் வந்தபோது அதை எதிர்த்து நாலு தெரு கேட்கச் சண்டையும் போட்டேன். அதையும் எழுதலாமா என்று கேட்டேன். "எழுது, ஆனா அன்னிக்குப் பேசின பேச்ச மட்டும் அப்படியே எழுதிடாத" என்றார்கள். முடிந்தவரை குறைத்திருக்கிறேன்.

போன புரட்டாசியில் அப்பாவுக்குத் தஞ்சாவூரில் இருதய ஆபரேஷன். ஆறு மாதம் சேற்றில் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாற்றங்காலில் சம்பா நாற்று நிற்கிறது. எங்களுக்கு இருப்பது ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர். நாற்பது வயதுவரை அடுத்தவர் வயலில் இறங்கி வேலை செய்த மனிதர், துண்டு துண்டாகச் சேர்த்து வாங்கிய நிலம். "இந்தச் சம்பா போச்சுன்னா நிலத்த யார்கிட்டயாவது குத்தகைக்கு விட்டுடுவோம் பாப்பா. இனிமே நம்மால ஆவாது" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி சொன்னார். அப்படிச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார்.

நான் பாத்துக்கறேன்பா என்று சொல்லிவிட்டேன். நான் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படித்தவள். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். விவசாயத்தை நாலு நாளில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். சிரிக்க வேண்டாம். அப்படித்தான் நினைத்தேன்.

பூதலூரிலிருந்து உள்ளே வரும் வாய்க்காலில் எங்கள் ஊர் கடைசி. எட்டு நாள் தண்ணீர் விடுவார்கள், எட்டு நாள் அடைத்துவிடுவார்கள். முறைத் தண்ணீர் என்று பெயர். எங்கள் வயலில் பாய்ந்து, வரப்பில் இருக்கிற மடை வழியாகத்தான் அடுத்திருக்கிற ராணி அக்கா வயலுக்குப் போக வேண்டும். அவர்களுக்கு வேறு வழி கிடையாது. எங்களுக்கு நிரம்பியதும் மடையைத் திறந்துவிட வேண்டும் என்பது வழக்கம்.

நான் திறக்கவில்லை.

இதற்குக் காரணம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அதிகம் புழங்கிய சொல் எது என்று கேட்டால் 'பத்தாது' என்பேன். சோறு பத்தாது, துணி பத்தாது, தண்ணி பத்தாது. இது யாரும் கற்பனையாகச் சொன்னதல்ல. அப்பா நிலம் வாங்கிய புதிதில் ஊருக்கெல்லாம் பாய்ந்த பிறகுதான் எங்கள் வயலுக்குத் தண்ணீர் விட்டார்கள். சில முறை விடவே இல்லை. அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகும் அலமாரியில் துணிக்குப் பின்னால் நாலு சோப்பு ஒளித்து வைத்திருப்பேன். போனில் சார்ஜ் எண்பதுக்குக் கீழே இறங்கினால் சார்ஜரைத் தேடி ஓடுவேன். பக்கத்து வீட்டுக்கு அம்மா ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சமயத்தில் வாலிபர் கூடுகையில் 'நிறைவு மனப்பான்மை' பற்றிப் பேசியதே நான்தான். எங்கோ கேட்டதையெல்லாம் சேர்த்து அரை மணி நேரம் பேசினேன். எல்லாரையும் ஆளுக்கொரு நோட்டு வாங்க வைத்தேன். காலையில் எழுந்ததும் 'எனக்கு எல்லாம் நிறைவாக இருக்கிறது' என்று பத்து தடவை எழுத வேண்டும். நானும் எழுதினேன், அழகான கையெழுத்தில். எழுதி முடித்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் மடையில் இன்னும் இரண்டு கூடை சேறு அப்பினேன்.

அந்த வருஷம் மழை வேறு தள்ளிப் போனது. ஐப்பசி பிறந்தும் வானம் வெள்ளையாகக் கிடந்தது. "அடச்சு வையி பாப்பா, அப்புறம் கேட்டாலும் கெடைக்காது" என்று அப்பா படுக்கையிலிருந்தே சொன்னார். முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கிற அளவுக்குத் தண்ணீரைத் தேக்கி வைத்தேன். ராணி அக்கா வரப்பில் வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்கள்.

"ஏம்மா இன்ஜினியரு, நெல்லு போட்டிருக்கியா, வெரால் மீனு வளக்கறியா?"

"மழ இல்லல்லக்கா. ஒரு ரெண்டு நாள்."

"ரெண்டு நாளுன்னு சொல்லி ஆறு நாள் ஆச்சு. என் வயலு பொளந்துகிட்டு கெடக்கு. காலு உள்ள போற மாதிரி வெடிப்பு. வந்து பாக்கறியா?"

பார்க்கப் போகவில்லை. பார்த்தால் திறந்துவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

நட்ட இருபத்தைந்தாம் நாள் பயிர் மஞ்சளடிக்கத் தொடங்கியது. ஒரு நாற்று அடியிலிருந்து பக்கக் கிளை விட்டுப் பல தூராக வெடிக்க வேண்டிய பருவம். எண்ணிப் பார்த்தேன். மூன்று, நான்கு. அதற்கு மேல் நட்டு வைத்த எந்தக் குத்திலும் இல்லை. உரம் பத்தவில்லை என்று நினைத்தேன். போட்டேன். இன்னும் மஞ்சளானது. அப்பாவிடம் சொல்லவில்லை. நல்லா இருக்குப்பா என்று தினமும் பொய். தூக்கம் இல்லை. சாப்பிட்டால் நெஞ்சு எரிந்தது. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

செவ்வாய்க்கிழமை உபவாச ஜெபத்தில் எல்லாரும் மெதுவாக ஜெபித்துக்கொண்டிருந்தபோது நான் உள்ளுக்குள் கத்தினேன். ஆண்டவரே, பத்தல. எனக்கு எதுவுமே பத்தல. அந்த வயலைக் காப்பாத்தித் தாங்க. எங்க அப்பா சுவரைப் பாக்கக் கூடாது. என்ன செய்யணுமோ செய்யுங்க, ஆனா சீக்கிரம் செய்யுங்க. இவ்வளவுதான். ஆமென்கூடக் கோபமாகத்தான் சொன்னேன்.

புதன்கிழமை காலையில் வயலுக்குப் போனால் தண்ணீர் இல்லை.

மடையை யாரோ அடியோடு வெட்டிவிட்டிருந்தார்கள். தேக்கி வைத்ததெல்லாம் ராணி அக்கா வயலில் பளபளவென்று நின்றது. வாய்க்காலில் முந்தின நாள்தான் முறை முடிந்து அடைத்திருந்தார்கள். இன்னும் எட்டு நாளைக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. வெட்டிய மடையைப் போனில் வீடியோ எடுத்தேன். ராணி அக்கா வீட்டுக்கு ஓடினேன். வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யார கேட்டு வெட்டுனீங்க?"

"ஒன்னைத்தான் இத்தன நாளா கேட்டேன். காது கேக்கல."

"எங்க வயலு செத்துப்போவும்க்கா! போலீசுக்குப் போவேன். வீடியோ எடுத்து வச்சிருக்கேன்."

"எடு. என் வயலு வெடிச்சு கெடந்ததையும் சேத்து எடுத்திருக்கலாமே."

"நேத்துதான் உபவாசம் இருந்து ஜெபம் பண்ணினேன், காப்பாத்துங்கன்னு. இன்னிக்கு நீங்க இப்படிப் பண்றீங்க!"

அவர்கள் கரி படிந்த கையைத் தூக்கி வானத்தைக் காட்டினார்கள். "அப்படின்னா அவருதான் என்னை வெட்டச் சொல்லியிருப்பாரு. போயி அவருகிட்ட கேளு."

தெருவே சிரித்தது. நான் அதன்பின் பேசியதைப் பாஸ்டர் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கின்படி விட்டுவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்து நோட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். ஜெபமும் செய்யவில்லை. சரியாகச் சொன்னால், செய்தேன், அதில் மரியாதை இல்லை. நான் கேட்டது என்ன, நீர் செய்தது என்ன? கர்த்தரிடமே இப்படிக் கேட்டேன்.

மூன்றாம் நாள் எவ்வளவு செத்திருக்கிறது என்று பார்க்க ஒரு குத்தைப் பிடுங்கினேன். வேர் கறுப்பு. அழுகிய முட்டை நாற்றம். அதைப் போட்டோ எடுத்து வேளாண்மை அலுவலருக்கு அனுப்பினேன், புகார் கொடுக்கும்போது சாட்சியமாக உதவும் என்று. அவர் உடனே கூப்பிட்டார்.

"இவ்ளோ தண்ணி கட்டி வச்சா வேரு எப்படிம்மா மூச்சு வுடும்? மொதல்ல தண்ணிய வடிச்சு வுடுங்க."

"வடிஞ்சுடுச்சு சார். மூணு நாளாச்சு."

"அப்படியா! வடிங்கன்னு சொன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, பயப்படுவாங்க. நீங்க எப்படி வடிச்சீங்க?"

போனைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். மண் மயிரிழையாக வெடிக்கும்வரை காயட்டும், பிறகு பாய்ச்சுங்கள், பிறகு மறுபடி காயவிடுங்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். இதற்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று பெயராம். இன்னும் நாலு நாள் தேங்கியிருந்தால் ஒன்பது மாவும் போயிருக்குமாம். உரம் பத்தாமல் இல்லை, தண்ணீர் பத்தாமல் இல்லை. நான் பிடித்து வைத்திருந்ததே பயிரின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

ஏழாம் நாள் வேறொரு குத்தைப் பிடுங்கினேன். கறுப்பு வேருக்கு நடுவில் வெள்ளை வேர்கள், நூல் நூலாக. வாசலில் வைத்து அப்பாவிடம் காட்டி முதல்முறையாக உண்மையைச் சொன்னேன். அவர் வேரை விரலால் தடவிப் பார்த்தார். "நானும்தானே அடைக்கச் சொன்னேன்" என்றார். எனக்கு அழுகை வந்தது. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த முறைத் தண்ணீர் வந்தது. வயல் நனைந்து பாதத்தை மூடுகிற அளவு நின்றதும் எங்களுக்கு இது போதும் என்று முடிவு செய்தேன். இப்போது மடை. ராணி அக்கா வெட்டிய இடத்தை நான் மறுபடி கட்டியிருந்தேன். அதைத் திறக்க வேண்டும். நடந்ததெல்லாம் தெரிந்தும் கை வரவில்லை. மழை இன்னும் இல்லை. அடுத்த எட்டு நாள் என்ன ஆகும்? படித்த புத்திக்குப் புரிந்தது வயிற்றுக்குப் புரியவில்லை. ஆண்டவரே, பயமா இருக்கு என்று மட்டும் சொன்னேன். அதுதான் நான் அந்த வருஷத்தில் செய்த முதல் ஒழுங்கான ஜெபம் என்று நினைக்கிறேன். மண்வெட்டியைப் போட்டேன். தண்ணீர் சத்தத்தோடு இறங்கியது.

ராணி அக்கா தூரத்திலிருந்து பார்த்தார்கள். நன்றி சொல்லவில்லை. "கோணலா வெட்டியிருக்க, நேரா வெட்டு" என்றார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது. நேராக வெட்டினேன்.

பத்து நாளில் குத்துக்குப் பதினொன்று, பன்னிரண்டு தூர். கார்த்திகையில் மழை கொட்டியபோது மடை திறந்தே இருந்ததால் தண்ணீர் ராணி அக்கா வயல் வழியாக வடிகாலுக்குப் போய்விட்டது. தையில் அறுத்தோம். அதிசய விளைச்சல் என்று சொல்ல மாட்டேன். இப்படிப் பெரிதுபடுத்திச் சொல்லும் சாட்சிகளால் எனக்குப் பொறுமை போயிருக்கிறது. ஆனால் மற்ற வருஷங்களுக்குக் குறைவில்லை. குத்தகைப் பேச்சை அப்பா எடுக்கவே இல்லை. அறுவடை அன்று டாக்டர் பேச்சை மீறி வரப்புவரை வந்து, மிஷின் ஓட்டுகிறவரோடு சண்டை போட்டார். அதைவிட நல்ல மருத்துவ ரிப்போர்ட் எனக்கு வேண்டாம்.

நான் தூங்குகிறேன். நெஞ்செரிச்சல் இல்லை. ஒளித்து வைத்த சோப்பில் இரண்டை எடுத்துவிட்டேன், இரண்டு இன்னும் இருக்கிறது. கர்த்தர் என்னோடு பொறுமையாக இருக்கிறார், நீங்களும் இருங்கள்.

வாலிபர் கூடுகை நண்பர்களே, நான் வாங்கச் சொன்ன அந்த நோட்டுக்காக மன்னியுங்கள். நிறைவாக இருக்கிறது என்று ஆயிரம் தடவை எழுதலாம், கை மட்டும் அடைத்துக்கொண்டே இருக்கும். நமக்கு இல்லாமல் போனது நிஜம். அதற்காக வந்த பயமும் நிஜம். அந்தப் பயத்தை அப்படியே அவரிடம் கொண்டுபோங்கள், கோபத்தோடு போனாலும் பரவாயில்லை. பதில் உங்களுக்குப் பிடிக்காத ஆளின் கையில் மண்வெட்டியோடு வந்தால், தயவுசெய்து மூன்று நாள் பொறுத்துவிட்டுப் போலீசுக்குப் போங்கள்.

இந்த வாரம் குறுவைக்கு முறைத் தண்ணீர் வருகிறது. இந்தத் தடவை மடையைத் திறந்தே வைக்கிறேன், முதலில் உங்க வயலுக்குப் பாயட்டும் என்று ராணி அக்காவிடம் நானே போய்ச் சொல்லியிருக்கிறேன். "ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள். சொல்லிவிட்டு வந்ததிலிருந்து மண்வெட்டியை நாலு தடவை கையில் எடுத்து, திரும்ப வைத்துவிட்டேன். எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.