சபூறாவும் பித்தளைப் பலகையும்

சபூறாவின் கல்யாணத்துக்கு வாப்பா அதே வளவில் புதுவீடு கட்டிச் சீதனமாகக் கொடுத்தார். கல்முனையில் அது பெருமைதான். அவளும் அப்படித்தான் நினைத்தாள், வாப்பா இருந்த பெரிய வீடு தங்கச்சி றஸ்னாவுக்குப் போகும்வரை.

அந்த வீட்டு நீல முன்சுவரில் ஒரு பித்தளைப் பலகை இருந்தது. வாப்பாவின் பெயர், அதன் கீழ் ஆங்கிலத்தில் 'புறொக்டர்'. ஊர் வாயில் அது பிறக்கிராசி, வழக்குப் பத்திரங்கள் எழுதும் வக்கீல். பின்பு சட்டம் மாறி, பிறக்கிராசிகளும் கோட்டில் வாதாடும் அப்புக்காத்துகளும் ஒன்றாகச் சட்டத்தரணிகள் ஆனார்கள். வாப்பா பலகையைக் கழற்றவில்லை. அவர் மௌத்தாகி அடக்கமான பிறகும் அது அங்கேயே மின்னியது.

றஸ்னாவின் கணவர் வெங்காய வியாபாரி. தெருவோ அவரைப் 'பிறக்கிராசி வீட்டு முதலாளி' என்றது. ஊர்ப் பிள்ளைகளில் பாதிப்பேருக்குக் கணக்குப் படிப்பித்த சபூறாவின் கணவரோ 'பிறக்கிராசி வீட்டுக்குப் பக்கத்து வீட்டு மாஸ்டர்'. கேட்கும்போதெல்லாம் சபூறாவுக்கு வயிறு எரிந்தது. தங்கச்சி புளி போட்டுப் பலகை தேய்க்கும் சத்தம் மதிலுக்கு இப்பால் கேட்டால் றேடியோவைக் கூட்டி வைப்பாள்.

போன மாதம், ஒலுவில் கெம்பஸில் விரிவுரையாளராக இருந்த சபூறாவின் மகள் முஸ்பிறாவுக்கு அங்கே மாணவர் ஒழுக்கம் பார்க்கும் பொறுப்புக் கிடைத்தது. பதவியின் பெயர் புறொக்டர். சபூறா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு தங்கச்சி வீட்டுக்கு நடந்தாள். முஸ்பிறா பின்னால் ஓடினாள்.

"பலகையத் தா புள்ள. புறொக்டர் இப்ப எங்கட வீட்டிலதான் இரிக்கா."

"வாப்பா வழக்குக்காகக் கோட்டுக்குப் போனவர், ராத்தா," என்றாள் றஸ்னா. "உன்ட மகள் சண்டைக்காரப் பொடியன்மாரப் புடிக்கிறவ."

"சொல்லு ஒண்டுதான் சாச்சி," என்றாள் முஸ்பிறா. "இன்னொருத்தருக்காக நிண்டு காரியம் பாக்கிறவர் எண்டுதான் அதுக்கு அடி. அமெரிக்காவில சோதனை மண்டபத்தில காவல் நிக்கிறவரும் புறொக்டர்தான். அந்தக் கால இங்கிலாந்தில குட்டநோய்க்காரருக்காக அனுமதி வாங்கிப் பிச்சை எடுத்தவனையும் அப்பிடித்தான் சொன்னாங்க."

"அப்ப ராத்தாக்கும் பொருந்தும். மகளுக்காகக் கேட்டு வந்து நிக்கிறாவே!"

றஸ்னா சிரித்துக்கொண்டே பலகையின் ஆணிகளைக் கழற்றத் திருப்புளியை எடுத்து வந்தாள். "கொண்டு போ. தேய்ச்சுத் தேய்ச்சுக் கை ஓஞ்சு போச்சு."

இவ்வளவு லேசாகக் கிடைத்தது சபூறாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அன்றே தன் வாசலில் மாட்டினாள்.

மறுநாள் அந்தப் பலகைக்கு நேர் கீழே ஒரு ஓட்டோ நின்றது. சவளக்கடை என்ற ஊரிலிருந்து வந்த ஒருவர் இறங்கி, "பிறக்கிராசியார் வீடு எது தம்பி?" என்று கேட்டார்.

ஓட்டோக்காரன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "பக்கத்து வீடு, காக்கா. அந்தா, வெளிறின சுவரில கடும் நீலமா ஒரு துண்டு தெரியிதே, அதான்."

சபூறா உள்ளே போய்க் கணவரை எழுப்பினாள்.

"கடைக்குப் போய் நீலப் பெயின்ட் ஒரு வாளி வாங்கிட்டு வாங்க."

"எங்கட சுவர் வெள்ளையெல்லோ?"

"எங்கடதுக்கு இல்ல," என்றாள் சபூறா. "தங்கச்சிட சுவருக்கு."