நான் வாரி எறிந்த பனி

2007ஆம் ஆண்டு டிசம்பர், நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு கிழமை இருக்கும். கனடாவில், மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில், எங்கள் வீட்டு வாசலிலேயே இது நடந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதை மறைப்பதில்லை, ஏனென்றால் அதற்குப் பிறகு நான் செய்தவை கொஞ்சமல்ல. இந்த நகரத்துக்கு வந்து கோப்பை கழுவத் தொடங்கியவன், அந்த வருடம் ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் பதினெட்டுப் பேரை வைத்து வேலை வாங்கினேன். சொந்தத்தில் இரண்டு தட்டு வீடு. காரை கராஜுக்குக் கொண்டுபோனதே கிடையாது. எஞ்சினைக் கழற்றிப் பூட்டும் அளவுக்கு நானாகவே பழகியிருந்தேன். பதினான்கு வருடத்தில் ஒரு நாள்கூட வேலைக்குப் பிந்தியதும் இல்லை.

ஞாயிறு முழுவதும் பனி கொட்டியது. திங்கள் காலை என் மகள் வானொலியில் பிரெஞ்சுச் செய்தி கேட்டு எனக்குச் சொன்னாள். அப்போது அவளுக்கு எட்டு வயது.

"அப்பா, இண்டைக்குப் பள்ளிக்கூடம் பூட்டாம். எல்லாப் பள்ளிக்கூடமும்."

ஐந்து வயது மகன் கட்டிலில் ஏறித் துள்ளினான்.

"உங்களுக்கு லீவு. எனக்கு ஆர் தாறது?" என்றேன்.

"ஒரு நாள்தானே, நில்லுங்கோவன் அப்பா."

"நான் நிண்டால் அங்க ஒருத்தரும் வேலை செய்யாங்கள்."

மனைவிக்கு முதியோர் இல்லமொன்றில் வேலை. விடியவே மெட்ரோவில் போய்விட்டாள். பிள்ளைகளை செயின்ட்-மிஷேலில் என் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போவது என்று முடிவு செய்தேன்.

வெளியே வந்தால் கார் இருந்த இடத்தில் ஒரு மேடுதான் இருந்தது. மகனுக்குக் குளிரில் பல் அடித்தது. கதவளவு பனியை விலக்கி, காரை ஸ்டார்ட் செய்து, ஹீட்டரைப் போட்டு, இருவரையும் பின் சீட்டில் ஏற்றினேன்.

"கதவு, கண்ணாடி ஒண்டும் திறக்கக் கூடாது. சூடு போயிடும்."

பனி வாரும் சவல் ஒன்றை எடுத்து முன்பக்கத்திலிருந்து அள்ளத் தொடங்கினேன். அள்ளிய பனியை எங்கே போடுவது? தெருவில் போட்டால் பிழை. பக்கத்தில் போட்டால், அடுத்த வீட்டுக் கிரேக்கக் கிழவர் சண்டைக்கு வருவார். தன் கார் நிற்கும் இடத்தில் நான் பனி எறிகிறேன் என்று ஒவ்வொரு மாரியும் அவருக்கும் எனக்கும் தகராறு. அதனால் எல்லாவற்றையும் என் காருக்குப் பின்னால் எறிந்தேன். இரண்டு பேர் செய்கிற வேலையை நான் தனியே செய்வேன். அன்றைக்கும் அப்படித்தான் செய்தேன்.

இடையில் நிமிர்ந்து பார்த்தபோது, மூச்சுப் பட்டுப் புகாரடித்த கண்ணாடியில் மகன் விரலால் கோடு கீறிக்கொண்டிருந்தான். பிறகு பார்த்தபோது இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நித்திரை. 'நல்லதாய்ப் போச்சு, கரைச்சல் இல்லை' என்று நினைத்தேன்.

அப்போதுதான் கிழவர் கத்திக்கொண்டு ஓடிவந்தார். கோட் இல்லை, காலில் வீட்டுச் செருப்பு. அவருக்கும் எனக்கும் ஆங்கிலம் ஒரே அளவுதான்.

"லேட்டர், லேட்டர்," என்றேன், திரும்பாமலே.

"நோ லேட்டர். பேபி, பேபி," என்று என் கையைப் பிடித்து இழுத்தார்.

வழக்கமான சண்டைதான் என்று நினைத்துத் தள்ளிவிட்டேன். பனியில் விழுந்தவர் எழும்பி, கார்க் கதவைத் திறந்து திறப்பைப் பிடுங்கி எஞ்சினை நிறுத்தினார். அவர் சட்டையைப் பிடித்தேன். அவர் என் நாடியைப் பிடித்து முகத்தைக் காரின் பின்பக்கம் திருப்பினார்.

பின்பக்கம் டிக்கி மட்டத்துக்குப் பனி. புகைக்குழாய் இருந்த இடமே தெரியவில்லை. வெளியே போக வழியில்லாத புகை உள்ளே, என் பிள்ளைகளிடம், போயிருக்கிறது. மூடியது நான்.

மகளை வெளியே இழுத்ததும் பனியிலேயே வாந்தி எடுத்தாள். மகன் ஈரத் துணி மாதிரி என் கையில் தொங்கினான். கூப்பிட்டேன், கன்னத்தில் தட்டினேன், கண் திறக்கவில்லை. கிழவர் அவனுடைய ஜாக்கெட்டைத் திறந்து நெஞ்சில் காதை வைத்தார். சத்தம் போடாதே என்று எனக்கு ஒரு விரலைக் காட்டினார். என் வாழ்க்கையில் வேறு எவருடைய வாயையும் பார்த்து நான் அப்படி நின்றதில்லை. துடிக்கிறது என்று அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் மகன் முனகினான், பிறகு அழுதான்.

கிழவரின் மனைவி கூப்பிட்ட அம்புலன்ஸ் அந்தத் தெருவுக்குள் வந்துசேர நேரம் எடுத்தது. ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஒக்சிசன் வைத்தார்கள். மனைவி வேலை உடுப்போடு ஓடிவந்தாள். மகனின் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

இளம் டொக்டர் ஒருத்தி வந்து என்னிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். மகள் முகமூடியைச் சற்று விலக்கினாள்.

"கார் எவ்வளவு நேரம் ஸ்டார்ட்டில நிண்டது எண்டு கேக்கிறா, அப்பா."

ஐந்து நிமிடம் என்று வாயில் வந்துவிட்டது. மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குறைத்துச் சொன்னால் வைத்தியத்தையும் குறைத்துவிடுவார்களோ என்று பயம் வந்தது.

"இருபது நிமிசம். கூடவும் இருக்கும் எண்டு சொல்லு."

மகள் சொன்னாள். டொக்டர் என்னைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், நெடுநேரம் கதைத்தாள். மகள் முழுவதையும் கேட்டுவிட்டு முகமூடியைத் திரும்பப் போட்டுக்கொண்டாள்.

"என்னவாம் பிள்ளை?"

"ஒண்டுமில்லை அப்பா. சுகம் வந்திடுமாம்."

அவ்வளவு நீளப் பேச்சு இவ்வளவு சின்னதாக வராது என்பது ஐந்தாம் வகுப்புப் படித்தவனுக்கும் தெரியும்.

அடுத்த நாள் இருவரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அன்று தொடங்கி, கிழவர் வீடு மாறிப்போகும்வரை, அவருடைய பக்கத்துப் பனியைத்தான் முதலில் அள்ளினேன். ஒழுங்காக அள்ளவில்லை என்று அவர் அதற்கும் சண்டை பிடித்தார்.

இப்போது மகளுக்கே ஒரு பிள்ளை இருக்கிறது. யாருக்கும் பயப்படாமல் மேலே வந்தவன் என்று கலியாண வீடுகளில் சொல்லித் திரிகிற எனக்கு, அன்றைக்கு அந்த டொக்டர் என்னதான் சொன்னாள் என்று மகளிடம் கேட்கும் துணிவு மட்டும் இன்றுவரை வரவில்லை.