எஞ்சின் மேல் வைத்த கை

பொள்ளாச்சியில் எனக்குப் பெண் பார்க்கும் நாள். நல்ல நேரம் பத்தரையோடு முடிகிறது. ஒன்பதரைக்கு எங்கள் ரயில் கிணத்துக்கடவில் நின்றுவிட்டது; டீசல் எஞ்சின் மட்டும் தடதடத்துக்கொண்டே இருந்தது.

வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். நரைத்த மீசைக்கார டிரைவர் கீழே நின்று, எஞ்சின் கதவில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடியிருந்தார். தினமும் அப்படித்தான் போலிருக்கிறது. அந்த இடம் மட்டும் பளபளத்தது.

"ஏனுங்க, எஞ்சின் ஓடுது, வண்டி ஏனுங்க போகலை?"

"சூடு ஏறிப்போச்சுங்க. ஆறட்டும்."

"அணைச்சுப்போட்டா சீக்கிரம் ஆறாதுங்களா?"

"அணைச்சா உள்ள தண்ணி சுத்தாதுங்க. அப்புறம் பொழுதுக்கும் இங்கயேதான்."

"பொண்ணு பாக்கப் போறேனுங்க! நேரம் முடிஞ்சுபோயிருமுங்க!"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் கையை இழுத்துத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"உங்களைவிட இது கம்மியாத்தான் நடுங்குதுங்க. போயிருமுங்க."

போனது. நல்ல நேரம் தாண்டி, பத்தே முக்காலுக்குப் பெண் வீட்டில் இருந்தேன். காபி நீட்டியவள் என் கரி படிந்த உள்ளங்கையைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். கல்யாணமான பிறகு அந்த டிரைவர் கதையைச் சொன்னேன். இன்றும் நான் பதறினால், அவள் என் கையைப் பிடித்துச் சுவரில் வைக்கிறாள்.

கண்ணை மூடிக்கொண்டு அவர் எஞ்சினிடம் என்ன கேட்டார் என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.