பாதிச் சவரத்தில் ஒரு பேஸ்பால்

இன்று ஒரு கன்னத்தை மட்டும் வழித்துக்கொண்டு வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன். மறு கன்னத்தில் மூன்று நாள் தாடி. காரணம், அமெரிக்காவில் நடந்த ஒரு பேஸ்பால் ஆட்டம்.

வெள்ளிமலையில் நண்பரின் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்றுப் பேச வேண்டியவன் நான். ஒன்பது மணி பஸ்ஸை விட்டால் மானம் போய்விடும்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு சலூனில், கண்ணாடி முன்னால் சாய்த்து வைத்த போனில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. சவரம் செய்துகொண்டிருந்த ஏழுமலை பாதியில் கத்தியை நிறுத்திவிட்டார்.

“பந்தைக் கையில வச்சிக்கினு இன்னா சார் யோசிக்கிறான்?”

“ஜாஸ்தி யோசிக்க முடியாது ஏழுமலை. ஆட்டம் இழுத்துக்கினே போவுதுன்னு ஜனங்க சலிச்சிட்டாங்க. அதனால பந்து போட இப்ப நொடிக்கணக்கு வச்சிட்டாங்க.”

“அப்ப மேட்ச் எத்தினி மணிக்கு முடியும்?”

“அதுக்குக் கணக்கு இல்ல. சமமா இருந்தா, ஒருத்தன் ஜெயிக்கிற வரைக்கும் போவும்.”

“நல்லா இருக்குது சார் நியாயம்! பந்துக்கு மட்டும் டைம், மேட்சுக்கு இல்லியா?”

எனக்கும் அதே சந்தேகம்தான். ஆட்டமோ சமத்தில் நின்றது. இருவரும் வாய் பிளந்து பார்த்தோம். கன்னத்தில் நுரை காய்ந்தது. வெளியே கண்டக்டர் விசில் ஊதினார்.

வெள்ளிமலையில், தாடிக் கன்னத்தைத் துண்டால் பொத்திக்கொண்டே வரவேற்றுப் பேசினேன். பல்வலி என்று நினைத்து மாப்பிள்ளையின் அம்மா கிராம்பு கொடுத்தார்.

சவரக் கத்திக்கும் ஒரு நொடிக்கணக்கு வைக்க வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.

ஆமாம், அந்தப் போன் என்னுடையதுதான்.