சாட்சி தடுமாற்றம்

சிங்கப்பூர் பூன் லே பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில், பேத்தியின் ஆங்கிலப் பயிற்சித்தாள் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. ஷேக், டிரெம்பிள், குவிவர், வேவர், ஸ்டர் என்று இடப்பக்கம் வினைச்சொற்கள். வலப்பக்கம் பொருள்கள். கோடு போட்டு இணைக்க வேண்டும். எல்லாவற்றையும் பென்சிலால் சரியாக இணைத்திருந்தாள். இதே வேலையை நான் இருபத்திரண்டு வயதில், சம்பளம் வாங்கிக்கொண்டு, தப்பாகச் செய்தவன்.

ஐம்பதுகளின் கடைசி. தேக்கா சந்தைக்கு அருகே ஒரு மாடியில் இயங்கிய தமிழ் நாளிதழில் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது என் வேலை. எதையும் நேரில் பார்க்க வேண்டியதில்லை. கீழே மசாலா அரைக்கும் கடை. மிளகாய் நெடி மேலேறி வந்து கண்ணைக் கரிக்கும். என் சோகச் செய்திகளை நான் கண்கலங்கித்தான் எழுதினேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆட்டமும் நடுக்கமும் குறித்த ஆங்கிலச் சொற்களுக்கென ஒரு நோட்டு வைத்திருந்தேன். எது கனமாக ஒலிக்கிறதோ அதை எடுத்துப் போடுவேன். ஒரு தலைவர் மக்கள் மனத்தை 'ஸ்டர்' செய்தார், அதாவது உலுக்கினார், என்று வந்ததை, 'கிண்டினார்' என்று எழுதிக் கொடுத்தேன். அச்சுக்கோக்கும் ஆரோக்கியம் தாளோடு வந்து நின்றார். "தம்பி, இவரு பேசுனாரா, அல்வா கிண்டுனாரா?"

அது சிரிப்போடு போயிற்று. அடுத்தது போகவில்லை.

துறைமுகத்தில் சரக்குக் கட்டு அறுந்து விழுந்து சின்னையா என்ற தொழிலாளி இறந்தார். அவர் சரியாகக் கட்டவில்லை என்றது கம்பெனி. கூட வேலை செய்த மாணிக்கம் மட்டும், கயிறு காலையிலேயே பிய்ந்திருந்தது என்று மரண விசாரணையில் சாட்சி சொன்னார். பதில் சொல்கையில் அவர் கை நடுங்கியது என்று ஆங்கிலச் செய்தியில் ஒரு வரி இருந்தது. கை நடுங்கியது என்பது எனக்குச் சப்பென்று பட்டது. 'சாட்சி தடுமாற்றம்' என்று தலைப்பிட்டேன். இரண்டு பத்தி அகலத்துக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது.

மறுநாள் மாலை, மாணிக்கத்தின் மனைவி அஞ்சலை படியேறி வந்தார். கையில் எங்கள் பத்திரிகை.

"இத எழுதுனது யாரு?"

எழுந்து நின்றேன்.

"அவரு தடுமாறுனத நீங்க பாத்தீங்களா?"

"இங்கிலீஷ் பேப்பர்ல கை நடுங்குச்சுன்னு போட்டிருந்தாங்க அக்கா."

"கை நடுங்குனா பேச்சு மாறிடுமா? கோப்பிக்கடையில இத சத்தமா படிச்சிருக்காங்க. ‘என்ன மாணிக்கம், தடுமாறுதாமே, புடிச்சுக்கவா’ன்னு கேலி. நாளைக்கு விசாரணைக்குத் திரும்பக் கூப்பிட்டிருக்காங்க. போகமாட்டேன்னு சுருண்டு படுத்துட்டாரு. அவரு போகலன்னா செத்தவரு மேலயே பழி நின்னுடும்."

திருத்தம் போடுகிறோம் என்றேன்.

"திருத்தம் இருக்கட்டும். அவர நான் கூட்டிட்டு வந்துடுவேன். நீங்க வந்து கண்ணால பாத்து எழுதுங்க. நடுங்குனா நடுங்குனாருன்னே எழுதுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

சிங்கப்பூரில் எனக்கு முதன்முதலாக நிருபர் வேலை கொடுத்தவர் அவர்தான். பத்திரிகை ஆசிரியர் பிறகு தலையாட்டினார், அவ்வளவே.

மறுநாள் காலை, வெள்ளைச் சட்டை போட்ட மாணிக்கத்தை அஞ்சலை முழங்கையைப் பிடித்து நீதிமன்றத்துக்கு அழைத்துவந்து உட்காரவைத்தார். விட்டால் ஓடிவிடுவார் என்பது போன்ற பிடி. சாட்சிக் கூண்டில் ஏறியதும் அவர் கை நடுங்கத் தொடங்கியது. கூண்டின் கட்டையைப் பற்றினார். கட்டையோடு சேர்ந்து நடுங்கியது. கம்பெனி வக்கீல் அதைச் சுட்டிக்காட்டி, நிச்சயமில்லாததால்தானே இந்த நடுக்கம் என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

மாணிக்கம் தன் கையைப் பார்த்தார். பிறகு வக்கீலைப் பார்த்தார்.

"கை நடுங்குதுங்க. பயமா இருக்கு. கயிறு பிஞ்சிருந்துச்சு."

வக்கீல் மூன்று விதமாகத் திருப்பிக் கேட்டார். மூன்று முறையும் அதே பதில், அதே சொற்களில். நான் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டேன்.

அன்று நான் எழுதியது சின்ன செய்தி. 'சாட்சியின் கை கடைசிவரை நடுங்கியது. சொல் மாறவில்லை.' முந்தைய தலைப்பு பிழை என்பதையும் சேர்த்தே எழுதினேன். அந்த ஆங்கிலச் சொல் நோட்டை அதற்குப் பிறகு திறக்கவில்லை. விசாரணை முடிவில் பழி சின்னையாவை விட்டுக் கயிற்றின் மேல் போயிற்று. அன்றைய பத்திரிகையையும் கோப்பிக்கடையில் உரக்கப் படித்தார்கள் என்று ஆரோக்கியம் சொன்னார். யாரும் கேலி பேசவில்லையாம். ஒருவர் மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாராம்.

எங்கள் மாடி இருந்த இடத்தில் இன்று ஒரு விடுதி. துறைமுகத்தில் பளுவைப் பாரந்தூக்கிகள் பார்த்துக்கொள்கின்றன. ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்கும் கடை எங்கும் இல்லை. அவரவர் கைப்பேசியில் அவரவர் வாசிக்கிறார்கள், சத்தமில்லாமல். அந்தச் செய்திகளிலும் தினம் யாரோ தடுமாறுகிறார்கள். எழுதியவன் பார்த்தானா என்று கேட்க ஓர் அஞ்சலை இன்று கிளம்பினால், எந்தப் படியில் ஏறுவார் என்று எனக்குத் தெரியவில்லை.