கிருத்திகையில் அடிபட்ட வான்கோழி

என் சகலை மேல எனக்கு இருக்கிற காட்டம் ஒரு வான்கோழியால வந்தது. இன்னிக்கு நினைச்சாலும் வயிறு எரியுது.

சகலைன்னா என் மனைவியோட அக்கா வீட்டுக்காரர். பேர்லேண்ட்ங்கிற அமெரிக்க ஊர்ல எங்களுக்கு ரெண்டு தெரு தள்ளி வீடு. ஆபீஸ்ல மத்தவங்களைப் பார்த்து நாங்களும் வில் வாங்கி, வீக்எண்ட்ல பழகி, லைசென்ஸ் எடுத்து, ஒரு பெரிய பண்ணையில வான்கோழி வேட்டைக்குப் போக ஆரம்பிச்சோம். பழக்கினவங்க ஒண்ணை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாங்க. அம்பு பட்டும் சாகலைன்னா, அடிச்சவனே ஓடிப்போய் உடனே முடிக்கணும். வலியில துடிக்க விடக் கூடாது.

அந்தச் சனிக்கிழமை காலையில சின்னக் கூடாரத்துக்குள்ள ஒளிஞ்சு உட்கார்ந்திருந்தோம். பெரிய வான்கோழிச் சேவல் ஒண்ணு வந்துச்சு. "தூரம் ஜாஸ்தி சகலை, இன்னும் கிட்ட வரட்டும்"னேன். மனுஷன் கேட்டாத்தானே? விட்டுட்டார். அம்பு றெக்கையைக் கிழிச்சுத் தொடையில ஏறிடுச்சு. அது பறக்க முடியாம, தத்தித் தத்தி முள்ளுப்புதருக்குள்ள போய் விழுந்துச்சு.

"ஓடுங்க!"ன்னேன். அவர் போனைப் பார்த்துக்கிட்டு இருந்தார். அவர் மனைவியோட மெசேஜ்.

"அய்யய்யோ, இன்னைக்குக் கிருத்திகையாம் தம்பி. நான் விரதம். கையால உயிரை எடுக்கக் கூடாது. நீ போய் முடிச்சிடு."

"அம்பு விடும்போது எங்க போச்சு உங்க கிருத்திகை?"

"அப்ப மெசேஜ் பார்க்கலையே!"

பளார்னு ஒண்ணு விட்டிருப்பேன். ஆனா புதருக்குள்ள றெக்கை அடிக்கிற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ஊர்ந்து உள்ளே போனேன். அம்பு முனை என் மேல படாம முழங்காலால றெக்கையை அமுக்கி, தலைக்குக் கீழே பிடிச்சு, பின்பக்கமா மடக்கி ஒரே இழுப்பு. எலும்பு விலகினது கையில தெரிஞ்சுது. அதுக்கப்புறமும் றெக்கை கொஞ்ச நேரம் அடிச்சு ஓய்ஞ்சுது. என் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. வந்தா என்ன தப்பு?

மறுநாள் மத்தியானம் சொந்தபந்தம் எல்லாம் அவர் வீட்டுல சாப்பாட்டுக்கு வந்திருந்தாங்க. சகலை ஐயா ஆரம்பிச்சார். "ஒரே அம்பு! நின்ன இடத்துலயே காலி. நம்ம தம்பிதான் பாவம், கோழியைப் பார்த்து அழுதுட்டான்." எல்லாரும் கெக்கே பிக்கேன்னு சிரிச்சாங்க. என் பொண்ணு திரும்பி, "டாட், யூ க்ரைட்?"னு கேட்டா. இருங்க சகலை, உங்களுக்கு வெச்சிருக்கேன்னு மனசுக்குள்ள கறுவிக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பஞ்சாங்க ஆப்பைத் திறந்தேன். கிருத்திகை இல்லாத, சஷ்டி இல்லாத, அமாவாசை, பிரதோஷம் எதுவுமே இல்லாத ஒரு நாளைத் தேடி எடுத்தேன். "போலாமா சகலை?"ன்னு தேனா பேசினேன். உடனே கிளம்பி வந்தார்.

அன்னிக்கும் பொறுங்கன்னுதான் சொன்னேன். அன்னிக்கும் அவசரக்குடுக்கை கேக்கலை. கோழி அம்போட சுருண்டு விழுந்துச்சு. அவர் கை தானா போன் பக்கம் போச்சு.

"போனைத் தேடாதீங்க. நான் பார்த்துட்டேன். இன்னைக்கு ஒரு விரதமும் கிடையாது."

கையைப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டு ஓடினேன். நானே கோழியை அமுக்கிப் பிடிச்சேன். "இது நம்ம சண்டைக்காகக் காத்துக்கிட்டு இருக்காது. இப்பவே முடிங்க. இல்லைன்னா நான் முடிச்சிடுவேன், சாப்பாட்டு மேஜையில கதையையும் நானே சொல்லுவேன்."

அவர் தலைக்குக் கீழே பிடிச்சுட்டுக் கண்ணை மூடப் பார்த்தார். கண்ணை மூடாதீங்கன்னு அதட்டினேன். இழுத்தார். முடிஞ்சுது. எழுந்து போய் வண்டி டயர்கிட்ட குனிஞ்சு வாந்தி எடுத்தார். எனக்குக் கொஞ்சம்கூடப் பாவமா இல்லை. நல்லா வேணும்னு நின்னு பார்த்தேன்.

அடுத்த விருந்து எங்க வீட்டுல. அதே கூட்டம், அதே மேஜை. அந்த வான்கோழியில நான் பண்ணின வறுவல். "பெரியப்பா, டெல் அஸ், ஒரே அம்பா?"ன்னு என் பொண்ணு கேட்டா. எல்லாரும் சிரிக்கத் தயாராத் திரும்பினாங்க. சகலை விரலைத் துணியில துடைச்சுக்கிட்டே இருந்தார்.

நான் எழுந்து, பெரிய தொடையாப் பார்த்து எடுத்து அவர் தட்டுல வெச்சேன்.

"சாப்பிடுங்க சகலை. இன்னைக்குக் கிருத்திகை இல்லை."