டி.வி.யில் தெரியாத மலைப்பாதை

இரண்டு வருடத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் நடந்தது இது. துபாய் அல் குசைஸில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன். டூட்டி இல்லாத நாளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுவதுதான் எனக்கிருக்கும் ஒரே கெட்ட பழக்கம். அரசு பஸ் டிரைவராக இருந்து ரிட்டயரான அப்பாவை அப்போது விசிட் விசாவில் அழைத்து வந்திருந்தேன்.

அல் ஐனில் ஜெபல் ஹஃபீத் மலைக்குக் காரில் கூட்டிப் போனேன். அடேயப்பா, அப்பாவை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. நான் ஓட்ட, பக்கத்து சீட்டில் இருந்தவரின் கால் ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கை மிதித்தது. “என்னா ரோடுடா இது!” என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். உச்சிக்குப் போனதும், “என்னைய விடு. வளைவு பூராவும் தெரியற மாதிரி எடு. டிப்போ ஆளுங்களுக்குக் காட்டணும்” என்றார். எடுத்துத் தள்ளினேன். போனில் ஒன்றுகூட எடுக்கவில்லை. கேமரா கையில் இருக்கும்போது போனை நீட்டுவது எனக்குக் கௌரவக் குறைச்சல்.

அப்பா கிளம்பும் வாரம் பார்த்து என் லேப்டாப் படுத்துவிட்டது. கேமராவின் மெமரி கார்டை ஊரில் டி.வி.யில் செருகிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று, அதற்கான கார்டு ரீடர் வாங்கப் போனேன். கடைக்காரர் ராமநாதபுரம் பக்கத்து பாய். கனமான உலோக ரீடர் ஒன்றை எடுத்து வைத்தார். நான் கேட்டதோ சாவிக்கொத்தில் மாட்டுகிற பிளாஸ்டிக் சாமான். “அது சூடாயிரும் தம்பி. பயணத்துக்கு இதுதான் தாங்கும்” என்றார். நமக்குத்தான் யாராவது சொன்னால் பிடிக்காதே! ஒரு தடவை பார்க்கத்தானே, இது போதும் என்று பிளாஸ்டிக்கையே வாங்கினேன்.

வளைகுடாவில் இருக்கும் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. எதுவானாலும் ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிட்டால் வீடு போய்ச் சேர்ந்த மாதிரிதான். அந்த நம்பிக்கையில் வேறு காப்பி எடுக்காமல், கார்டை ரீடருக்குள் போட்டு அப்பாவின் சட்டைப் பையில் வைத்து அனுப்பினேன். போய்ச் சேர்ந்து சில நாள் கழித்து, “எல்லாம் பாத்தாச்சுப்பா, ஜோரா வந்திருக்கு” என்றார் போனில். நிம்மதியாக இருந்தேன்.

அடுத்த லீவில் ஊருக்குப் போனபோதுதான் அம்மா விஷயத்தைச் சொன்னார். டிப்போ நண்பர்களை எல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டு, டீயும் பக்கோடாவும் கொடுத்து உட்கார வைத்து, அப்பா ரீடரை டி.வி.யில் செருகியிருக்கிறார். ஒன்றும் வரவில்லை. உருவினார், ஊதினார், துடைத்தார், மறுபடி மறுபடி செருகினார். ஒருவர் கேட்டாராம், “என்னண்ணே, நெசமாவே துபாய் போனீங்களா, இல்ல திருச்சி ஏர்போர்ட்டோட திரும்பிட்டீங்களா?” எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தாராம். மறுநாள் டவுனில் ஸ்டுடியோ ஸ்டுடியோவாக அலைந்திருக்கிறார். கார்டு போச்சு என்று எல்லா இடத்திலும் கைவிரித்துவிட்டார்கள்.

“உங்கப்பா அன்னிக்கு ராத்திரி சோறு திங்கல. ‘புள்ள ஆசையா எடுத்தத நான் கெடுத்துட்டேன், அவங்கிட்ட சொல்லிராத’ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாரு” என்றார் அம்மா.

நேரே அப்பாவிடம் போய், தப்பு உங்கள் மேல் இல்லை, நான் வாங்கிய ரீடர்தான் மட்டம் என்றேன். அவர் நம்பவில்லை. சரி, கண்ணெதிரே காட்டிவிடுவோம் என்று அதே ரீடரில் என்னுடைய வேறொரு கார்டைப் போட்டு டி.வி.யில் செருகினேன். சற்று நேரத்தில் ரீடர் தொட முடியாத அளவுக்குக் கொதித்தது. அந்தக் கார்டும் செத்தது. “பாத்தீங்களா?” என்றேன், ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரி.

அப்பா ரீடரையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் அன்னிக்கு இழுத்து இழுத்துச் சொருகினேன்ல, அதுல கெட்டுருக்கும்பா. இப்ப உன்னோட இன்னொரு கார்டும் போச்சு, பாரு” என்றார்.

ஐயோ என்றிருந்தது. அவரைக் காப்பாற்ற நான் எடுத்து வைத்த சாட்சியே அவர் தலையில் இன்னொரு குற்றத்தைக் கட்டிவிட்டது. துபாய்க்குத் திரும்பியதும் அந்தக் கார்டுகளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு ரிப்பேர் கடையாக ஏறி இறங்கினேன். எல்லாக் கடையிலும் “மாஃபி, பாய்”, ஒன்றும் இல்லை என்ற ஒரே பதில்தான். மறுபடி விசிட் விசா எடுக்கிறேன், வாங்க, அதே மலைக்குப் போவோம் என்று கூப்பிட்டேன். “வேணாம்பா, வந்து எதையாவது ஒடச்சு வைப்பேன்” என்றார்.

டிப்போ பக்கத்து டீக்கடைக்கு அப்பா இப்போதெல்லாம் போவதில்லை. டி.வி. ரிமோட்டைக்கூட அம்மாதான் அமுக்க வேண்டும். நான் வீடியோ காலில் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தே பேசுகிறார். கூட்டம் நிறைந்த பஸ்ஸைக் காலமெல்லாம் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். அந்த மனிதருக்குத் தன் கை மேலேயே நம்பிக்கை போய்விட்டது. அதைத் திருப்பிக் கொடுக்க என்ன செய்வதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.